நிலக்கீல் சாலைகளின் விரிசலைக் கணித்தல்: முறிவு ஆற்றலும் நீள அளவும்

ஆய்வுச்சுருக்கம்

நிலக்கீல் கலவையால் அமைந்த சாலைத்தளங்களில் விரிசல் தோன்றி வளர்வதைக் கணினி வழியே கணிக்கும் மாதிரிகள் பல உள்ளன. அவற்றின் நம்பகத்தன்மை கணித நுட்பத்தைக் காட்டிலும், அவற்றுள் இடப்படும் முறிவு ஆற்றல், நீள அளவு ஆகிய இரண்டையுமே பெரிதும் சார்ந்துள்ளது. இவ்விரண்டும் எவ்வாறு பெறப்படுகின்றன, வெப்பநிலைக்கும் சுமையின் வேகத்திற்கும் ஏற்ப எவ்வாறு மாறுகின்றன, குளிர்நாடுகளில் வகுக்கப்பட்ட அளவுகோல்கள் வெப்ப நிலப்பகுதிகளுக்கு ஏன் பொருந்துவதில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நிலக்கீல், விரிசல், முறிவு ஆற்றல், பிணைவு மண்டலம், நிலைமைப் புலம், பாகு-மீட்சிப் பண்பு, ஐ.ஆர்.சி. 37

முன்னுரை

தார்ச்சாலை என்று பேச்சு வழக்கில் குறிப்பிடப்படும் சாலைகளில் இன்று தார் இல்லை. நிலக்கரியிலிருந்து கிடைத்த தாரின் இடத்தை, கச்சா எண்ணெயை வடித்தபின் எஞ்சும் நிலக்கீல் எடுத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு ஜல்லியும் நுண்துகளும், 5 விழுக்காடு நிலக்கீலும் கொண்டது இக்கலவை. சுமையைத் தாங்கும் எலும்புக்கூடு ஜல்லி எனில், விரிசல் எப்போது பிறக்கும், எவ்வழியே செல்லும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அந்த ஐந்து விழுக்காடுதான்.

ஒரு சாலை எத்தனை அச்சுச் சுமைகளைத் தாங்கியபின் விரிசலுறும் என்ற வினாவிற்கு வடிவமைப்பு நூல்கள் ஓர் எண்ணை விடையாகத் தருகின்றன. விரிசல் எங்குத் தொடங்கும், எவ்வளவு விரைவில் மேற்பரப்பை அடையும், மேலே இன்னொரு படலம் இட்டால் அதனூடே எழுமா என்ற வினாக்களுக்கு அந்த எண்ணில் விடை இல்லை. அவ்விடைகளைத் தேடியே கணினி மாதிரிகள் உருவாயின.

நிலக்கீலின் இரட்டை இயல்பு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பார்னெல் 1927ஆம் ஆண்டில் தொடங்கிய சோதனை ஒன்று இன்றும் நடைபெற்று வருகிறது. சுத்தியலால் அடித்தால் கண்ணாடி போல் நொறுங்கும் கீல், புனலில் இடப்பட்டுத் தன் எடையாலேயே துளித்துளியாகச் சொட்டுகிறது. ஒன்பதாவது துளி 2014இல்தான் பிரிந்தது. சாலை நிலக்கீல் அந்தக் கீலினும் மென்மையானது. ஆயினும் இயல்பு ஒன்றே. விரைந்த சுமைக்குத் திண்மமாகவும், மெதுவான சுமைக்குப் பாய்மமாகவும் அது நடந்துகொள்கிறது. வெப்பநிலை குறைந்தால் திண்ம இயல்பு மேலோங்கும். கூடினால் பாய்ம இயல்பு மேலோங்கும். இதுவே பாகு-மீட்சிப் பண்பு எனப்படுகிறது.

இப்பண்பைப் புறக்கணித்தால் கணக்கு எவ்வளவு பிழைபடும் என்பதற்கு ஒரு மாதிரிக் கணக்கு போதும். குளிர்நாடொன்றில் ஓர் இரவில் சாலையின் வெப்பநிலை 20 பாகை செல்சியஸ் இறங்குவதாகக் கொள்ளலாம். கலவையின் மீட்சிக் குணகம் 15 கிகாபாஸ்கல், நீள் விரிவுக் கெழு ஒரு பாகைக்குப் பத்து இலட்சத்தில் 25 பங்கு எனக் கொண்டால், சுருங்க விரும்பியும் சுருங்க இடமில்லாத அத்தளத்தில் எழும் இழுதகைவு 7.5 மெகாபாஸ்கல். கலவையின் இழுவலிமை 3.5 மெகாபாஸ்கல் அளவில்தான் இருக்கும். அவ்வாறெனில் அச்சாலை ஒவ்வொரு குளிரிரவிலும் பிளந்தாக வேண்டும். உண்மையில் அவ்வாறு நிகழ்வதில்லை. தகைவு எழும்போதே நிலக்கீல் மெல்ல நெகிழ்ந்து அதைத் தளர்த்திவிடுகிறது. குளிர்ச்சி எவ்வளவு விரைவானது, தளர்வு எவ்வளவு விரைவானது என்ற இரண்டுக்கும் இடையிலான போட்டியே விரிசலைத் தீர்மானிக்கிறது. எனவே எந்த மாதிரியும் நேரத்தைத் தன் மாறிகளுள் ஒன்றாகக் கொண்டிருத்தல் வேண்டும். நிலக்கீலின் பாகு-மீட்சிப் பண்பை எவ்வாறு கணித வடிவில் எழுதுவது என்பது தனித்த ஆய்வுத் துறையாகவே வளர்ந்துள்ளது. ஜெ. முரளி கிருஷ்ணனும் கே. ஆர். ராஜகோபாலும் 2003இல் வெளியிட்ட ஆய்வுரை, தொன்மைக்காலப் பயன்பாடு முதல் அண்மைக்கால மாதிரிகள் வரை நிலக்கீலின் வரலாற்றைத் தொகுத்துக் காட்டுவதால் இத்துறையில் நுழைவோர்க்கு நல்ல தொடக்கமாக அமையும்.

விரிசல் இடம்பெறாத விரிசல் கணக்கு

இந்தியாவில் நெகிழ்தளச் சாலைகள் ஐ.ஆர்.சி. 37 வழிகாட்டு நெறிகளின்படி வடிவமைக்கப்படுகின்றன. அதன் 2018ஆம் ஆண்டுப் பதிப்பில், நிலக்கீல் அடுக்கின் அடிப்பகுதியில் தோன்றும் கிடைமட்ட இழுதிரிபு முதலில் கணக்கிடப்படுகிறது. சாலை பல அடுக்குகளால் ஆன மீட்சிப் பொருளாகவும், சக்கரத்தின் அழுத்தம் வட்டப் பரப்பில் சீராகப் பரவியதாகவும் கொள்ளப்படுகின்றன. ஐஐடிபேவ் என்னும் மென்பொருள் இக்கணக்கைச் செய்கிறது. கிடைத்த திரிபு சோர்வுச் சமன்பாட்டில் இடப்பட்டால், மேற்பரப்பில் 20 விழுக்காடு விரிசலுறும் வரை கடக்கத்தக்க 80 கிலோநியூட்டன் செந்தர அச்சுச் சுமைகளின் எண்ணிக்கை கிடைக்கும்.

இச்சமன்பாட்டில் ஆயுள், திரிபின் 3.89ஆம் அடுக்குக்கு எதிர் விகிதத்தில் அமைகிறது. திரிபைப் பத்து விழுக்காடு குறைத்து மதிப்பிட்டாலே, கணித்த ஆயுள் உண்மையினும் ஏறத்தாழ 50 விழுக்காடு மிகையாகிவிடும். நம்பக அளவை 80 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடாக உயர்த்தும்போது சமன்பாட்டின் மாறிலி 1.6064இலிருந்து 0.5161 ஆகக் குறைகிறது. அதே சாலையின் கணித்த ஆயுள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இவ்வளவு பெரிய இடைவெளியை ஒரே மாறிலி தாங்கி நிற்பது, சமன்பாட்டின் பின்னே உள்ள தரவுச் சிதறலின் அளவைக் காட்டுகிறது.

இது குறை கூறுதல் அன்று. களத்தில் கண்ட சாலைகளோடு பொருத்திப் பெற்ற சமன்பாடு, அத்தகைய சாலைகளுக்குப் பயன்படத்தான் செய்யும். ஆனால் அதில் விரிசல் என்னும் பொருளே இல்லை என்பது நினைவில் கொள்ளத்தக்கது. விரிசலற்ற தளத்தில் கணக்கிட்ட திரிபும், விரிசலுற்ற தளத்தில் எடுத்த கணக்கெடுப்பும் மட்டுமே உள்ளன. இரண்டுக்கும் இடைப்பட்ட நிகழ்வு சமன்பாட்டின் மாறிலிகளுள் மறைந்துள்ளது. ஓய்வு நேரங்களில் நிலக்கீலின் நுண்விரிசல்கள் ஓரளவு மீண்டும் கூடிக்கொள்வதும் அவ்வாறே மறைந்துள்ளது.

விரிசல் அடியில்தான் பிறக்கும் என்ற எடுகோளும் எங்கும் செல்லுபடியாவதன்று. பிரித்தானியாவின் போக்குவரத்து ஆய்வகம் 1997இல் வெளியிட்ட 250ஆம் எண் அறிக்கை, தடித்த நிலக்கீல் தளங்களில் காணப்பட்ட விரிசல்கள் மேற்பரப்பில் தோன்றிக் கீழ்நோக்கி இறங்கியவை என்பதை வெளிக்கொணர்ந்தது. சக்கரத்தின் விளிம்பில் எழும் சறுக்குத்தகைவும், வெயிலாலும் காற்றாலும் மேற்பரப்பு முதுமையுற்று விறைப்பதும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அழுத்தம் வட்டத்தில் சீராகப் பரவுகிறது என்று தொடங்கும் கணக்கில் இவ்விரண்டும் புலப்படா.

முறிவு ஆற்றல் என்னும் கருத்து

விரிசலையே மையமாகக் கொண்ட அணுகுமுறை கிரிஃபித் 1921இல் வெளியிட்ட கட்டுரையில் தொடங்குகிறது. கண்ணாடியை ஆராய்ந்த அவர், விரிசல் வளர்வது தகைவின் அளவால் மட்டும் முடிவாவதில்லை என்றார். புதிய பரப்பை உருவாக்கத் தேவையான ஆற்றலைப் பொருளில் தேங்கிய மீட்சி ஆற்றல் ஈடுசெய்யும்போது விரிசல் முன்னேறுகிறது. இர்வின் 1957இல் இதைத் தகைவுச் செறிவுக் காரணி என்னும் வடிவில் பொறியாளர் கையாளத்தக்கதாக ஆக்கினார். விமான உலோகங்களின் சோர்வை ஆராய்ந்த பாரிஸ், ஒவ்வொரு சுமைச் சுழற்சியிலும் விரிசல் வளரும் அளவை அக்காரணியின் ஓர் அடுக்காக எழுதினார். டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் மோலனார் 1983இல் அளித்த முனைவர் பட்ட ஆய்வு, பாரிஸ் விதியை நிலக்கீல் தளங்களுக்குக் கொண்டுவந்த முன்னோடிப் பணிகளுள் ஒன்று. அந்த அடுக்கெண்ணுக்கும் கலவையின் தளர்வு வேகத்திற்கும் உள்ள உறவை ஷேப்பரி கோட்பாட்டு வழியில் நிறுவியிருந்தார். உலோகத்திற்கு வகுத்த விதி நிலக்கீலுக்கும் ஓரளவு பொருந்தியதன் காரணம் இவ்வுறவில் உள்ளது.

எனினும் இவ்வணுகுமுறைக்கு அடிப்படையான நிபந்தனை ஒன்று உண்டு. விரிசல் முனையைச் சூழ்ந்து பொருள் சிதைந்துகொண்டிருக்கும் பகுதி, பொருளின் மொத்த அளவோடு ஒப்பிடுகையில் மிகச் சிறிதாக இருக்க வேண்டும். நிலக்கீலில் இது நிறைவேறுவதில்லை. ஸ்வீடனில் ஹில்லர்போர்க் குழுவினர் 1976இல் கற்காரைக்கு முன்வைத்த பண்பு நீளம் இதைக் கணிக்க உதவும்: மீட்சிக் குணகத்தை முறிவு ஆற்றலால் பெருக்கி, இழுவலிமையின் இருமடியால் வகுத்தால் பண்பு நீளம் கிடைக்கும். முன்னர்க் கொண்ட 15 கிகாபாஸ்கல், 3.5 மெகாபாஸ்கல் ஆகியவற்றோடு, முறிவு ஆற்றல் சதுர மீட்டருக்கு 400 ஜூல் எனக் கொண்டால் விடை 49 சென்டிமீட்டர். சாலையின் நிலக்கீல் மேலடுக்கு பெரும்பாலும் 4 அல்லது 5 சென்டிமீட்டர் தடிமனே உடையது. சிதைவுப் பகுதி வளர்வதற்கு வேண்டிய இடமே அங்கில்லை. கூரிய முனையுடைய விரிசலாக அதைக் கற்பனை செய்வது, வாய்க்காலில் கடலலையை அளப்பது போன்றது.

இந்த இடரைத் தீர்ப்பதே பிணைவு மண்டலக் கருத்து. பாரன்பிளாட்டும் டக்டேலும் 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனித்தனியே முன்வைத்த இக்கருத்தின்படி, விரிசலின் இரு முகங்களும் ஒரே கணத்தில் பிரிவதில்லை. அவை விலக விலக அவற்றிடையே உள்ள இழுப்பு படிப்படியாகக் குறைந்து இறுதியில் மறைகிறது. விலகலுக்கும் இழுப்புக்கும் வரைந்த கோட்டின் கீழ் அமையும் பரப்பே முறிவு ஆற்றல். நிலக்கீலில் இம்முகங்களை இறுதிவரை பிடித்து நிற்பவை ஜல்லிகளைச் சுற்றிய நிலக்கீல் இழைகள் என்று எண்ணினால் கருத்து எளிதில் விளங்கும். இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் சாங், பவுலினோ, பட்லர் ஆகியோர் 2006இல் இதன் இருநேர்கோட்டு வடிவத்தை நிலக்கீல் கலவைக்கு வகுத்தனர்.

வலையின் அளவும் விடையின் அளவும்

கணினியில் பொருளைச் சிறு கூறுகளாகப் பகுத்துக் கணிக்கும் வரம்புறு கூறு முறையில், விரிசலை இயல்பாகக் கொணரும் எளிய வழி ஒன்று தோன்றும்: குறிப்பிட்ட திரிபைக் கடந்த கூறு தன் வலிமையைப் படிப்படியாக இழக்கட்டும் என்று விடுவது. ஆய்வு மாணவர் பலர் முதலில் இவ்வழியைத்தான் தேர்கின்றனர். இதில் ஒளிந்திருக்கும் பிழை நுண்ணியது. நலிவு ஒரே ஒரு கூறு வரிசையில் குவிந்துவிடும். செலவாகும் ஆற்றல் அக்கூறின் அகலத்தைப் பொறுத்ததாகிவிடும். பத்து மில்லிமீட்டர் கூறுகளில் சதுர மீட்டருக்கு 400 ஜூல் செலவாகுமாறு அமைத்த அதே மாதிரி, ஒரு மில்லிமீட்டர் கூறுகளில் 40 ஜூல் மட்டுமே செலவிடும். வலையை நுணுக்க நுணுக்கச் சாலை வலுவிழந்துகொண்டே போகும். நுணுக்கம் கூடினால் துல்லியம் கூடும் என்ற பொது நம்பிக்கை இங்குத் தலைகீழாகிறது. வலையின் அளவைக் குறிப்பிடாமல் வெளியாகும் விரிசல் படம் எவ்வளவு அழகாக இருப்பினும், அதிலிருந்து எம்முடிவும் பெற இயலாது.

பாசாந்தும் ஓவும் 1983இல் வகுத்த விரிசல் பட்டை மாதிரி, கூறின் அகலத்திற்கேற்ப நலிவுக் கோட்டைத் திருத்தி ஆற்றலை மாறாமல் காக்கிறது. பிணைவு மண்டலக் கூறுகள், ஆற்றலைப் பரப்போடு நேரடியாக இணைப்பதால் இச்சிக்கலிலிருந்து தப்புகின்றன; ஆனால் விரிசல் செல்லும் பாதையில் அக்கூறுகளை முன்கூட்டியே பதித்திருக்க வேண்டும். 1999இல் பெலிட்ஷ்கோ குழுவினர் முன்வைத்த விரிவாக்கப்பட்ட வரம்புறு கூறு முறை, கூறின் உள்ளேயே விரிசல் ஊடுருவ இடமளித்து அந்தத் தளையை நீக்கியது.

இன்று ஆய்விதழ்களில் பெரிதும் காணப்படுவது நிலைமைப் புல முறை. பிரான்க்போர்ட்டும் மரிகோவும் 1998இல் கிரிஃபித்தின் ஆற்றல் கருத்தை மாறுபாட்டு வடிவில் எழுதினர். பூர்தன் அவர்களுடன் இணைந்து 2000இல் அதைக் கணினிக்கு ஏற்றதாக்கினார். இதில் விரிசல் கூரிய கோடாக இல்லாமல், முழுமையிலிருந்து முறிவு வரை படிப்படியாக மாறும் ஒரு புலமாகப் பரவி நிற்கிறது. பாதையை முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை. விரிசல் கிளைக்கலாம், சேரலாம். ஜல்லிகளுக்கிடையே வளைந்து செல்லும் நிலக்கீல் விரிசலுக்கு இது மிகப் பொருத்தமாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆனால் இங்கும் நீள அளவு வந்து நிற்கிறது. இம்முறையின் எளிய வடிவில், பரவலின் அகலத்தை ஆய்வாளர் விரும்பியபடி வைத்துக்கொள்ள இயலாது. மீட்சிக் குணகம், இழுவலிமை, முறிவு ஆற்றல் மூன்றும் தெரிந்தால் அது பண்பு நீளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகத் தானே முடிவாகிவிடும். முன்னைய எடுத்துக்காட்டில் அது 5 சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதி. அதாவது சாலையின் மேலடுக்கு முழுவதும் ஒரே விரிசலின் பரவலுக்குள் அடங்கிவிடும். அகலத்தைக் குறைத்தால் மாதிரியின் இழுவலிமை உண்மைக்கு மேல் உயரும். ஐந்து மில்லிமீட்டராகக் குறைத்தால் மும்மடங்குக்கும் மேலாகும். வூ 2017இல் வெளியிட்ட பிணைவுசார் நிலைமைப் புல மாதிரி, வலிமையை நீள அளவிலிருந்து பிரித்து இம்முடிச்சை அவிழ்த்தது. சாலைத்தளம் போன்ற மெல்லிய அடுக்குகளுக்கு எளிய வடிவத்தைத் தேர்வோர், அத்தேர்வுக்குக் காரணம் கூறுதல் கடமை.

ஆற்றலை அளத்தல்

மேற்கண்ட மாதிரிகள் அனைத்தும் முறிவு ஆற்றலை உள்ளீடாகக் கேட்கின்றன. அதை அளக்கும் முறைகளுள் வட்டு வடிவச் சோதனை குறிப்பிடத்தக்கது. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விட்டமும் 5 சென்டிமீட்டர் தடிமனும் கொண்ட வட்டில் வெட்டு ஒன்று இடப்பட்டு, இரு துளைகளில் செருகிய ஊசிகளால் விரிசல் வாய் நிமிடத்திற்கு ஒரு மில்லிமீட்டர் திறக்குமாறு இழுக்கப்படுகிறது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் நடந்த கூட்டாய்வு, இச்சோதனையின் வழியே போக்குவரத்தின் அளவுக்கேற்பச் சதுர மீட்டருக்கு 400, 460, 690 ஜூல் என மூன்று கீழ்வரம்புகளைப் பரிந்துரைத்தது. சோதனையின் வெப்பநிலை, நிலக்கீலின் தர வகைப்பாட்டில் உள்ள கீழ் வெப்பநிலையினும் 10 பாகை மிகுதி.

இவ்வெண்கள் மினசோட்டாவின் பனிக்காலத்திற்கு உரியவை. அங்கு விரிசல் என்பது கடுங்குளிரில் சாலை குறுக்கே பிளப்பது. கீழ் வெப்பநிலை சுழியத்திற்குக் கீழ் 22 பாகை எனத் தரவகைப்பாடு பெற்ற நிலக்கீலை எடுத்துக்கொண்டால், சோதனை சுழியத்திற்குக் கீழ் 12 பாகையில் நடைபெறும். சென்னையில் மார்கழி இரவிலும் வெப்பநிலை 15 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. ஐ.ஆர்.சி. 37 தன் கணக்குகளுக்குக் கொள்ளும் சராசரித் தள வெப்பநிலையோ 35 பாகை. அங்கு அளந்த ஆற்றலை இங்குள்ள சாலையின் மாதிரியில் இடுவது, அலகுகள் பொருந்தினாலும் பொருள் பொருந்தாத செயல்.

வெப்பநிலையை உயர்த்திச் சோதனை செய்தால் தீர்ந்துவிடுமா என்றால், அங்கே மற்றொரு சிக்கல் காத்திருக்கிறது. அறை வெப்பநிலையில் கலவையைப் பிளக்கும்போது செலவாகும் ஆற்றல் முழுவதும் புதிய பரப்பை உருவாக்கச் செல்வதில்லை. பெரும்பங்கு, வட்டின் ஏனைய பகுதி நிலக்கீல் போலப் பாய்வதில் கரைகிறது. இல்லினாய்ஸ் ஆய்வாளர்கள் 25 பாகையில் நடத்தும் அரைவட்டச் சோதனையில், ஆற்றலை மட்டும் கொண்டு கலவைகளைப் பிரித்தறிய இயலாமையால், உச்சச் சுமைக்குப் பிந்தைய கோட்டின் சரிவால் அதை வகுத்து நெகிழ்வுக் குறியெண் என ஒன்றை வகுத்தனர். கலவைகளை ஒப்பிட அது பயன்படும்; மாதிரிக்குள் இடத்தக்க பொருட்பண்பு அன்று.

இங்கேதான் பல ஆய்வுகளில் கவனிக்கப்படாத இரட்டைக் கணக்கு நேர்கிறது. சோதனையில் அளந்த மொத்த ஆற்றல் பிணைவு மண்டலத்திற்கு உள்ளீடாகிறது. சூழ்ந்த பொருளுக்கும் பாகு-மீட்சிப் பண்பு அளிக்கப்படுகிறது. பாய்வில் கரைந்த ஆற்றல் இவ்வாறு இருமுறை செலவாகிறது. விளைவாக மாதிரிச் சாலை உண்மைச் சாலையினும் உறுதியாகத் தோன்றும். குளிரில் இப்பிழை சிறிது. 30 பாகைக்கு மேல் அது விடையையே விழுங்கிவிடக்கூடும். சோதனையையே முழுமையாகக் கணினியில் மீளக் கணித்து, பாய்வின் பங்கைக் கழித்தபின் எஞ்சும் ஆற்றலைப் பிணைவு மண்டலத்திற்கு உரியதாகக் கொள்வதே நேரிய வழி. உழைப்பு மிகுந்த வழி என்பதால் அது அரிதாகவே பின்பற்றப்படுகிறது.

ஷேப்பரியின் போலித்திரிபுக் கருத்து இதே இடரை வேறு திசையிலிருந்து அணுகுகிறது. பாகுப் பண்பால் எழும் கால விளைவை முதலில் நீக்கிவிட்டு, எஞ்சும் விறைப்பிழப்பை மட்டும் சிதைவாகக் கொள்வது இதன் சாரம். வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் கிம் குழுவினர் இதனடிப்படையில் வளர்த்த மாதிரி, ஃபிளெக்ஸ்பேவ் என்னும் மென்பொருளாக நடைமுறைக்கு வந்துள்ளது. வெவ்வேறு வெப்பநிலைகளிலும் சுமை முறைகளிலும் பெற்ற சோதனை முடிவுகள் ஒரே கோட்டில் வந்து விழுவது இதன் சிறப்பு. தனித்த விரிசலை இது காட்டுவதில்லை. சிதைவு செறியும் இடத்தை மட்டும் காட்டும். நடைமுறையில் அதற்கு வலுவான காரணம் உண்டு. இரண்டு கோடி அச்சுச் சுமைகளை, சுமை ஒன்றுக்கு நூறு காலப்படிகள் வீதம் நேரடியாகக் கணிப்பதெனில் இருநூறு கோடிப் படிகள் வேண்டும். அத்தனையையும் எக்கணினியிலும் எவரும் ஓட்டுவதில்லை.

விரிசலோடு பிறக்கும் சாலைகள்

வெப்ப நிலப்பகுதியில் முறிவு மாதிரி உடனடியாகப் பயன்படத்தக்க இடம் ஒன்று உண்டு. சிமென்டு கலந்து திடப்படுத்திய அடித்தளம் உலரும்போதே சுருங்கி விரிசலுறும். அதன்மேல் இடும் நிலக்கீல் அடுக்கில், அவ்விரிசல் சில ஆண்டுகளில் அதே இடத்தில் மேலெழும். எதிரொளிப்பு விரிசல் எனப்படும் இதில், விரிசல் தொடக்கத்திலிருந்தே இருப்பதால், விரிசலற்ற தளத்தின் திரிபைக் கொண்டு ஆயுளைக் கணிக்கும் சமன்பாட்டிற்கு இங்கு வேலையில்லை. ஐ.ஆர்.சி. 37 இதற்கு ஒரு கட்டுமான விதியைத் தருகிறது: இடையே 100 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஜல்லிப் படலம் இடுதல், அல்லது தகைவை உள்வாங்கும் மெல்லிய படலம் அமைத்தல்.

அந்த நூறு மில்லிமீட்டர், அடித்தளம் 20 மீட்டருக்கு ஒரு விரிசல் கொண்டதாயினும் 5 மீட்டருக்கு ஒரு விரிசல் கொண்டதாயினும் மாறுவதில்லை. நாள்தோறும் எழும் வெப்ப வேறுபாட்டால் அவ்விரிசல் எவ்வளவு திறந்து மூடும், அதன்மேல் சக்கரம் கடக்கும்போது இரு முகங்களும் எவ்வளவு மேலும் கீழும் சறுக்கும் என்ற இரண்டும் தெரிந்தால், பிணைவு மண்டல மாதிரி கொண்டு படலத்தின் தேவையான தடிமனைச் சாலைக்குச் சாலை கணிக்க இயலும். அதற்கு வேண்டியவை இரண்டு: 20 முதல் 40 பாகை வரை பாய்வின் பங்கு நீக்கி அளந்த முறிவு ஆற்றல், வெயிலில் சில ஆண்டுகள் கிடந்து விறைத்த மேலடுக்கிலிருந்து துளைத்தெடுத்த மாதிரிகளில் அதே அளவீடு. வட்டை இழுக்கும் பொறியும் வெப்பநிலை அறையும் உள்ள எந்தச் சாலைப் பொறியியல் ஆய்வகத்திலும் இவற்றைச் செய்ய முடியும். ஜல்லி ஒவ்வொன்றையும் ஊடுகதிர்ப் படமெடுத்து, நுண்ணளவில் விரிசலைத் தொடரும் மாதிரிகளைவிட இப்பணி கவர்ச்சி குறைந்தது. ஆயினும் அந்த நுண்ணளவு மாதிரிகளும், ஜல்லிக்கும் நிலக்கீலுக்கும் இடையிலான பிணைவு ஆற்றல் 35 பாகையில் எவ்வளவு என்ற அதே கேள்வியைத்தான் முதலில் கேட்கும்.